கனடா பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை): நாலு பேர் குடும்பத்துக்கு எவ்வளவு காசு ஒதுக்க வேண்டும்? வீட்டை ஈடு வைக்கலாமா?

வாவிக்கரைத் தாதி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். நான் அரச வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தர், வயது 34. இவர் மட்டக்களப்பு டவுனில் தனியார் கம்பனி ஒன்றில் வேலை, அதற்கு முன் கத்தாரில் மூன்று வருடம் இருந்தவர். பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவளுக்கு 7, சின்னவனுக்கு 3. என்னை முதன்மை விண்ணப்பதாரியாகப் போட்டு, புள்ளி பார்த்து ஆட்களை அழைக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் கனடா பிஆருக்கு விண்ணப்பிக்கலாம் என்று வீட்டில் கதைத்துக்கொண்டே இருக்கிறோம், ஆனால் செலவுக் கணக்கு மட்டும் பிடிபடுதில்லை. ஒருவர் பத்து இலட்சம் போதும் என்கிறார், இன்னொருவர் எழுபது இல்லாமல் இறங்கவே வேண்டாம் என்கிறார். இரண்டு பேரும் ஆளை அனுப்பியவர்கள்தான், அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று விளங்கவில்லை.

எங்களிடம் இருப்பது இது. சேமிப்பும் நிலையான வைப்புமாக 36 இலட்சம். சீட்டுக் காசு தை மாதம் வரும், அது 5. இவருடைய அண்ணன் சுவிஸில் இருக்கிறார், 15 இலட்சம் வரை தருகிறேன், திருப்பித் தரத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். என்னுடைய நகை கொஞ்சம் இருக்கிறது. என் பெயரில் சீதன வீடும், வெல்லாவெளிப் பக்கம் இரண்டு ஏக்கர் வயலும் இருக்கிறது.

மாமி ஆக்கள் வீட்டை ஈடு வைத்து வங்கியில் காசைக் காட்டச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சு எடுத்த நாளிலிருந்து நித்திரை இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தானே எழுதுவது, அம்மாவும் அப்பாவும் இருந்து கட்டித் தந்த வீடு, நாளைக்கு என் மகளுக்குப் போக வேண்டியது. அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், டவுனில் ஒரு ஏஜென்ட் ஆறு இலட்சம் முற்பணம் கட்டினால் கனடாவில் வேலைக் கடிதமும் எடுத்துத் தந்து எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். செய்து முடித்தவர்கள் யாராவது ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? எதை முதலில் கட்ட வேண்டும், எது பிறகு?

கல்லடிப் பாலம்:

தங்கச்சி, நான் கல்லடி, இப்போது ஸ்காபரோவில். நீங்கள் கேட்ட அந்த இரண்டு ஆட்களும் சொன்னது சரிதான். ஒருவர் செலவாகிற காசைச் சொல்லியிருக்கிறார், மற்றவர் காட்ட வேண்டிய காசையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இதை முதலில் பிரித்து எழுதுங்கள். கட்டினால் திரும்பி வராத காசு ஒன்று, அங்கே போய்ச் சீவிக்க வசதி இருக்கிறது என்று வங்கியில் காட்டிவிட்டு உங்களிடமே வைத்திருக்கிற காசு இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே கொப்பியில் ஒரே தொகையாக எழுதுவதால்தான் வீட்டை ஈடு வைக்கிற கதை வருகிறது.

முதலில் கட்டணம். 2024 ஏப்ரல் 30-இல் வந்த பட்டியலில் பெரிய ஆள் ஒருவருக்கு விண்ணப்பத்துக்கு 950 டொலர், நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575 டொலர், ஆக 1,525. நீங்கள் இரண்டு பேருக்கும் 3,050. பிள்ளைகளுக்கு அந்த 575 இல்லை, தலைக்கு 260 மட்டும், அது 520. கைரேகைக்கு ஆளுக்கு 85, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தேவையில்லை, ஆகவே 170. கூட்டினால் 3,740 கனடா டொலர். டொலர் 220 ரூபா என்று வைத்தால் எட்டேகால் இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிரெடிட் கார்டில் கட்டும்போது வங்கி தன்னுடைய விகிதத்தில் மாற்றி அதற்கு மேலே கட்டணமும் எடுக்கும், அதனால் ஒன்பது என்று எழுதி வையுங்கள். இந்தக் கட்டணத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் கடைசியில் ஏற்றுவார்கள், 2022-இல் 1,365 ஆக இருந்ததுதான் 2024-இல் 1,525 ஆனது, அதற்கு அடுத்த ஏற்றம் 2026 ஏப்ரல் கடைசிக்கு உரியது. நீங்கள் கட்டுகிற நாளில் கனடா குடிவரவு திணைக்களத்தின் தளத்தில் உள்ள தொகைதான் கணக்கு. விண்ணப்பத்தை நிராகரித்தால் 575 திரும்பி வரும், பார்க்கத் தொடங்கிய பிறகு 950 வராது.

இது எல்லாம் கடைசியில் கட்டுகிற காசு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயரைப் பதிந்து வரிசையில் நிற்க ஒரு சதமும் தேவையில்லை. அழைப்பு வந்தால் 60 நாள் தருவார்கள், அந்த 60 நாளுக்குள்தான் விண்ணப்பக் கட்டணம். மருத்துவப் பரிசோதனையையும் அதற்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் 2025 ஓகஸ்ட் 21 முதல் அதைச் செய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தையே அனுப்ப முடியும், முன்பு போல அவர்கள் கேட்கும் வரைக்கும் காத்திருக்க முடியாது. நாலு பேருக்கும் கொழும்பில் அவர்கள் பட்டியலிட்ட வைத்தியரிடம்தான். ஆகவே அழைப்பு வருவதற்கு முன் உங்கள் கையை விட்டுப் போகிறது ஐஎல்ட்ஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சையும், உங்கள் படிப்பு கனடாவில் எதற்குச் சமம் என்று பார்க்கிற மதிப்பீடும் மட்டும். வெஸ் என்கிற நிறுவனம் மூலம் மதிப்பீடு எடுத்தால் 250 டொலருக்குப் பக்கம், கூரியர் வேறு. அழைப்பு வருமா வராதா என்று தெரிவதற்கு முன் இதற்கு மேல் ஒரு ரூபா கூட செலவழிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அதிலும் ஐஎல்ட்ஸுக்கு மட்டும் கை இறுக்காதீர்கள். ஜெனரல் ட்ரெய்னிங்தான் எழுத வேண்டும். லிசனிங் 8, மற்ற மூன்றும் 7 எடுத்தால், சிஎல்பி என்கிற கனடா மொழி அளவில் 9. சிஎல்பி 8-இல் நிற்கிற ஒரு தாதி, டிப்ளோமாவும் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட அனுபவமும் உள்ளவர், 9-க்கு ஏறினால் மொழிப் புள்ளியும், மொழியைப் படிப்போடும் அனுபவத்தோடும் சேர்த்துத் தருகிற புள்ளியுமாக அறுபதுக்கு மேல் கூடும். வயதுக்கு வருடத்துக்கு ஐந்து புள்ளி குறைகிற உங்கள் வயதில் இது பெரிய விஷயம். நல்ல ஆளிடம் வகுப்புக்குப் போய், தேவைப்பட்டால் இரண்டாம் தரமும் எழுதுங்கள், ஏஜென்ட் கேட்கிற அந்த ஆறு இலட்சத்தை விட அது எவ்வளவோ குறைவு.

காட்ட வேண்டிய காசு: 2025 ஜூலையில் வந்த அட்டவணையில் நாலு பேருக்கு 28,362 டொலர். 220 படி 62 இலட்சத்து 40 ஆயிரம். ஒவ்வொரு ஜூலையும் மாற்றுவார்கள், பெரும்பாலும் ஏறும். கணவரும் பிள்ளைகளும் பிறகு வருவார்கள் என்று போட்டாலும் நாலு பேருக்கான தொகையைத்தான் காட்ட வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை. உங்களிடம் எல்லாம் சேர்த்து 56, அதில் செலவு போனால் 44, 45 நிற்கும். ஆக, கிட்டத்தட்ட 18 இலட்சம் குறைகிறது. அதை எப்படி நிரப்புவது என்பதை வங்கி ஆட்கள் யாராவது சொன்னால் நல்லது, ஆனால் வீட்டை ஈடு வைத்து மட்டும் வேண்டாம், அது சட்டத்துக்கே சரிவராது.

கல்முனை நானா:

தங்கச்சி, நான் கல்முனையில் வங்கியில் வேலை செய்கிறேன், கணக்கில் காசு இருக்கிறது என்று காட்ட வங்கிக் கடிதம் கேட்டு வருகிற ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன். கல்லடித் தம்பி கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் சொல்ல வந்தேன். அந்தக் காசு கடன் வாங்கியதாக இருக்கக்கூடாது என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. வீட்டை ஈடு வைத்து எடுத்தால் கடன். நகையை அடகு வைத்தாலும் கடன்தான், நகையை விற்ற காசு வேறு. காணியின் பெறுமதி, வீட்டின் பெறுமதி இதுகளைக் காட்டி இவ்வளவு சொத்து இருக்கிறது என்று சொன்னாலும் எடுக்க மாட்டார்கள்.

வங்கிக் கடிதத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும். கணக்கு இலக்கம், எப்போது திறந்தது, இன்றைய மீதி, கடந்த ஆறு மாதச் சராசரி மீதி, அதோடு உங்களுக்கு இருக்கிற கடன்கள், கிரெடிட் கார்ட் நிலுவை உட்பட. அந்த ஆறு மாதச் சராசரிதான் ஆளைப் பிடித்துக் கொடுக்கிற இடம். மூன்று நாளைக்கு மச்சானிடம் வாங்கிப் போட்டு எடுக்கிற காசு சராசரியில் தெரியவே தெரியாது, திடீரென்று வந்து விழுந்தது மட்டும் தெரியும். இப்படிக் காசைப் போட்டு எடுத்துத் தரவென்று வட்டிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகவே வேண்டாம், பொய்த் தகவல் என்று பிடிபட்டால் ஐந்து வருடத்துக்குக் கனடா விண்ணப்பமே போட முடியாது.

சுவிஸ் அண்ணன் தருகிற காசைப் பற்றி. அவர் உண்மையாகவே தருகிறார் என்றால் பிரச்சினை இல்லை, திருப்பித் தரத் தேவையில்லாத அன்பளிப்பு என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த பதிவும் இருக்க வேண்டும். வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் அனுப்பச் சொல்ல வேண்டாம், அந்தக் காசுக்கு எந்தக் கடதாசியும் இருக்காது. அவர் வங்கி வழியாக அனுப்பினால் உங்கள் பெயரில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து அதிலேயே போட்டு வையுங்கள், ரூபாவுக்கு மாற்ற வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதம் 360. அந்த நேரம் கனடாவுக்கென்று ரூபாவில் காசைச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நான் கவுன்டரில் இருந்தே பார்த்தேன். போதுமான காசு என்று கடிதம் எடுத்தவர்கள், அடுத்த கடிதத்துக்கு வரும்போது அதே ரூபா இருக்கிறது, கனடா டொலரில் பார்த்தால் பாதியை நெருங்கிவிட்டது. அதனால் ரூபாவில் வைத்திருக்கிற பங்குக்கு எப்போதும் பத்து வீதமாவது கூடுதலாக வையுங்கள். விண்ணப்பிக்கிற அன்று மட்டும் இருந்தால் போதாது, விசா தருகிற வரைக்கும் இருக்க வேண்டும்.

நிலையான வைப்பு பரவாயில்லை, உடைத்து எடுக்கக் கூடியதாக இருந்தால் கணக்கில் வரும். கணவருடன் கூட்டுக் கணக்காக இருந்தாலும் சரி. சீட்டுக் காசு தையில் வந்தால் அன்றைக்கே வங்கியில் போடுங்கள், வீட்டு அலுமாரியில் இருக்கிற காசுக்குச் சராசரி இல்லை.

வயலை விற்பதா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை, அது உங்கள் குடும்பத்தின் முடிவு. விற்றால் காணி உறுதியின் பிரதி, வாங்கியவர் காசு போட்ட வங்கிப் பதிவு இரண்டையும் பத்திரமாக வையுங்கள். ஒரு விஷயம் மட்டும், பெரும்போகம் அறுவடை முடிந்து ஆட்கள் கையில் காசு புழங்கும் நேரம் கேட்கிற விலை வேறு, அவசரமென்று தெரிந்தால் கேட்கிற விலை வேறு. அழைப்பு வந்து 60 நாளுக்குள் விற்க ஓடினால் இரண்டாவது விலைதான் கிடைக்கும்.

கோளாவில் அக்கா:

பெரிய செலவையெல்லாம் தம்பியும் நானாவும் சொல்லிவிட்டார்கள். கடதாசிச் செலவை ஒருவரும் சொல்லவில்லை. நான் அக்கரைப்பற்றுப் பக்கம், நானும் தாதிதான், இப்போது குடும்பத்தோடு அல்பேர்ட்டாவில். எங்களுக்குக் காசை விடக் கஷ்டம் தந்தது பெயர்தான். இவருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்து ஒன்று கூட. பிள்ளையின் பிறப்புப் பதிவில் என்னுடைய முதலெழுத்து விடுபட்டுப் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பிரதேச செயலகம், பதிவாளர், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி என்று அலைய வேண்டி வந்தது. நீங்கள் இன்றைக்கே நாலு பேருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் விரித்து வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள், செலவில்லாத வேலை, ஆனால் இதுதான் பின்னால் மாதக் கணக்கில் இழுக்கும். தமிழில் இருப்பதையெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும், அவர்கள் பக்கக் கணக்கில் வாங்குவார்கள்.

கணவர் கத்தாரில் மூன்று வருடம் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடந்த பத்து வருடத்துக்குள் ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். அங்கிருந்து கடைசியாகப் புறப்பட்ட பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும், வேலையில் இருக்கும்போது எதற்கோ எடுத்தது சரிவராது. இதற்குக் கைரேகை, அத்தாட்சிப்படுத்தல், அங்கே ஒப்படைக்க ஒரு ஆள் என்று நேரமும் காசும் இரண்டும் போகும், 60 நாளுக்குள் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், ஐஎல்ட்ஸ் முடிவு நல்லதாக வந்த உடனேயே தொடங்குங்கள். இலங்கைப் பொலிஸ் சான்றிதழை முந்தி எடுக்க வேண்டாம், அது விண்ணப்பிக்கும்போது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

கொழும்புப் பயணத்தையும் எழுதுங்கள். பரீட்சைக்கு ஒன்று, மருத்துவத்துக்கு நாலு பேரும், கைரேகைக்கு இரண்டு பேர், கடவுச்சீட்டு காலாவதி என்றால் அதுவும். கடவுச்சீட்டுக்கு சாதாரண சேவை 10,000, ஒருநாள் சேவை 20,000. மூன்று வயதுப் பிள்ளையோடு இரவு பஸ்ஸில் போய் அப்படியே காலையில் வைத்தியரிடம் நிற்க முடியாது, ஒரு நாள் தங்க வேண்டும், வெள்ளவத்தையில் அறை எடுத்தால் அதன் வாடகை, சாப்பாடு, ஓட்டோ. இந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஒரு ஆளின் விண்ணப்பக் கட்டணத்தளவு வந்தது.

இன்னொன்று, இது தாதியாக இருப்பதால் உங்களுக்கு மட்டும். பிஆர் கிடைப்பதும் அங்கே தாதியாக வேலை செய்ய அனுமதி கிடைப்பதும் ஒன்றல்ல தங்கச்சி. மாகாணத் தாதியர் சபையில் உரிமம் எடுக்க வேண்டும், என்க்லெக்ஸ் என்கிற தாதியர் உரிமப் பரீட்சை எழுத வேண்டும், அதற்கெல்லாம் தனியாகக் காசு. அது கிடைக்கும் வரை வேறு வேலைதான். அதனால் அந்த 62 இலட்சத்தைக் காட்டிவிட்டு வந்து கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்கு முதல் மாத வாடகையோடு முற்பணமும் முன்கூட்டியே கேட்பார்கள், பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு, பஸ் அட்டை, தளபாடம். முதல் ஆறு மாதம் அந்தக் காசில்தான் சீவிக்க வேண்டும், அதற்காகத்தான் அவர்கள் அதைக் கேட்கவே செய்கிறார்கள்.

பாண்டிருப்புப் பெடியன்:

அக்கா, ஏஜென்ட் விஷயத்துக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் எங்கள் ஊரில் கண்ணுக்கு முன்னால் குடும்பங்கள் காசை இழந்திருக்கின்றன. கனடா குடிவரவுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள், குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்துகிற அங்கேயுள்ள ஆலோசகர் கல்லூரி என்ற அமைப்பில் உறுப்பினராக இருப்பவர்களும் கனடாவில் உரிமம் பெற்ற சட்டத்தரணிகள் போன்றோரும்தான். அந்தக் கல்லூரியின் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கக் கூடியதாக இருக்கிறது. அவரிடம் உறுப்பினர் இலக்கத்தைக் கேளுங்கள், தந்தால் அந்தப் பெயரும் ஆளும் ஒன்றா என்று தேடுங்கள், தராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். வேலைக் கடிதம் எடுத்துத் தருகிறேன் என்கிறாரே, வேலைக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கொடுத்த மேலதிகப் புள்ளியை 2025 மார்ச் 25-ஆம் திகதியோடு எடுத்துவிட்டார்கள். நீங்கள் தாதி என்பதால் மருத்துவத்துறைக்கென்று தனியாக அழைக்கிற சுற்றுகள் இருக்கின்றன, அதற்கு எந்த ஏஜென்டும் தேவையில்லை. ஆறு இலட்சத்தை அவரிடம் கொடுத்தால் 18 இலட்சமாக இருக்கிற உங்கள் குறை 24 ஆகிவிடும்.

வாவிக்கரைத் தாதி:

எல்லோருக்கும் மனதார நன்றி. இரவு இவரோடு இருந்து முழுவதையும் வாசித்தேன். அம்மாவுக்கும் நானா எழுதியதை வாசித்துக் காட்டினேன், வீட்டை ஈடு வைத்தால் அவர்களே எடுக்க மாட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் ஒரு கோப்பை தேத்தண்ணியை நிம்மதியாகக் குடித்தா.

கடதாசிகளை விரித்துப் பார்த்தோம், கோளாவில் அக்கா சொன்னது போலவே சின்னவனின் பிறப்புச் சான்றிதழில் இவருடைய பெயரில் ஒரு எழுத்து பிழையாக இருக்கிறது. திங்கட்கிழமை பிரதேச செயலகம் போகிறார். ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அண்ணனுடன் கதைத்தோம், வங்கி வழியாகவே அனுப்புகிறேன், 15-ஐ 20 ஆக்கப் பார்க்கிறேன் என்கிறார். வயலில் ஒரு ஏக்கரை மட்டும் பெரும்போகம் வெட்டிய பிறகு விற்கலாம் என்று யோசனை, ஆனால் என் ஐஎல்ட்ஸ் முடிவு வந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச்சு.

இரண்டு கேள்வி மிச்சம். இவருக்கும் ஐஎல்ட்ஸ், வெஸ் எடுப்பது அவசியமா, அதுவும் ஒரு செலவுதானே? மற்றது, இவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசைக் காட்டுகிற காசில் சேர்க்கலாமா?

கல்லடிப் பாலம்:

கணவருக்குக் கட்டாயம் இல்லை. அவருடைய படிப்புக்கு அதிகபட்சம் 10, மொழிக்கு அதிகபட்சம் 20 புள்ளி. முதலில் நீங்கள் மட்டும் எழுதுங்கள். உங்கள் முடிவோடு புள்ளியைக் கணக்குப் பார்த்து, மருத்துவத்துறைச் சுற்றுகளில் கடைசியாக எடுத்த புள்ளிக்குப் பக்கத்தில் நின்றால் அவரையும் எழுத வையுங்கள், அப்போது அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. எட்டாத தூரத்தில் நின்றால் அவருடைய 20 புள்ளியால் ஒன்றும் ஆகாது, அந்தக் காசில் நீங்கள் இரண்டாம் தரம் எழுதலாம்.

ஈபிஎஃப் இப்போது கையில் இல்லாத காசு, அதைச் சேர்க்க முடியாது. நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் என்ற காரணத்தில் எடுக்கலாம், ஆனால் அது விசா வந்த பிறகு நடக்கிற வேலை. அதை விமான டிக்கெட்டுக்கு என்று எழுதி வையுங்கள், நாலு பேருக்கு டிக்கெட் சின்னக் காசு இல்லை, ஒருவரும் முதலில் அதைக் கணக்கில் போடுவதும் இல்லை. காசை எப்படிக் கொண்டுவருவது என்று புறப்படும் முன் நானாவைப் போல வங்கியில் உள்ள ஒருவரிடம் கேட்டு வங்கி வழியாகவே மாற்றுங்கள், கையில் 10,000 டொலர் அல்லது அதற்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும்.

ஐஎல்ட்ஸ் முடிவு வந்ததும் இங்கே நாலு புள்ளியையும் போடுங்கள், சேர்த்துக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.